ஆடுகளின் எண்ணிக்கை: ஐந்து

“எங் கார்டைக் காட்டுங்க.”

முனீஸ்வரி எழுந்து நின்று இதைக் கேட்டபோது, அருப்புக்கோட்டை அறிவுச்சுடர் வாசகர் மாமன்றத்தின் செயலாளர் இருளப்பசாமி தமது வரவேற்புரையின் ஏழாம் பக்கத்தில் இருந்தார். இன்னும் பதினொரு பக்கம் பாக்கி. மேடையில் மூன்று பேர், கீழே நாற்பது நாற்காலி, அதில் முப்பத்திரண்டு ஆள். யாரும் எதையும் கேட்கும் கட்டம் வரவில்லை. நிகழ்ச்சி நிரல்படி அது வரவும் வராது.

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுடைய அய்யா நல்லமுத்து காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தார். திருச்சுழியில் பஸ் ஏறும்போது ஒரு தடவை, சீட்டு கிடைத்து உட்கார்ந்ததும் ஒரு தடவை, மண்டி வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை. கதையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாமாம். கருத்து அட்டை ஃபைலை மட்டும் கேட்கக் கூடாதாம். பெரிய மனுசர்கள் வருத்தப்படுவார்களாம். அய்யாவைப் பொறுத்தவரை பெரிய மனுசர்கள் எந்நேரமும் வருத்தப்படத் தயாராக இருப்பவர்கள். அவர்களை வருத்தப்படாமல் காப்பாற்றுவது சின்ன மனுசர்களின் வேலை. அதனால் முனீஸ்வரி மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கேட்பது என்று முடிவு செய்துதான் பஸ்ஸே ஏறியிருந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு மாமன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவர் ஜெகதீஸ்வரனின் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் அது இருபத்திரண்டு வருடமாக இலக்கியம் வளர்த்து வருகிறது. கீழே மூட்டை பிரித்தால் மேலே இருப்பவர்கள் தும்முவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற இருளப்பசாமி, கண்ணால் கண்டதைக் கண்டபடி குறிப்பேட்டில் ஏற்றுபவர். ‘அவையோர் கண் கலங்கினர்’ என்று எழுதுவார். போன வருடம் நிலக்கடலை சாகுபடிக் கையேடு ஒன்றுக்கு அவையோர் இரண்டு முறை கண் கலங்கியிருக்கிறார்கள்.

மாமன்றம் தொடங்கியபோது உறுப்பினர் அட்டை, கருத்து அட்டைகளுக்கு ஒரு மாதிரிப் படிவம் தேவைப்பட்டது. இருளப்பசாமி தமது ஆபீஸில் கைக்குக் கிடைத்த ஆடு வளர்ப்புத் திட்ட விண்ணப்பத்தை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே இன்றுவரை, மாமன்றத்தில் சேருகிறவரும் சரி, ஒரு புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லுகிறவரும் சரி, ‘ஆடுகளின் எண்ணிக்கை’ என்ற இடத்தை நிரப்பியாக வேண்டும். நிரப்பாத கருத்து செல்லாது. ‘விண்ணப்பதாரர் பெண் எனில் தந்தை அல்லது கணவர் கையொப்பம்’ என்ற வரியும் அப்படியே இருக்கிறது. இது எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, அச்சாகிவிட்டதே என்றார் தலைவர். டவுன் ஆட்கள் ஆடு ‘இல்லை’ என்று எழுதுவார்கள். முனீஸ்வரி காலேஜில் முதல் வருடம் படிக்கும்போது சேர்ந்தாள். உள்ளதை உள்ளபடி ‘நான்கு’ என்று எழுதினாள்.

அவள் சேர்ந்தது ஒரே ஒரு புத்தகத்துக்காக. ‘தாகக்கோட்டை’ முதல் பாகம். மழையே இல்லாமல் போன ஒரு காலம், தண்ணீரெல்லாம் ஒரு கோட்டைக்குள். பதினேழு வயதானால் எந்தப் பெண் எந்த வேலை, எந்த வீடு, எந்த ஆள் என்று சபை முடிவு செய்து பதிவேட்டில் கைரேகை வாங்கிக்கொள்ளும். பிறகுதான் குடம் நிறையும். தழலி என்கிற பெண் மட்டும் பெருவிரலை மடக்கிக்கொண்டு, இது என் விரல் என்று சொல்லிவிட்டுச் சுவர் ஏறிக் குதிக்கிறாள். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளான முனீஸ்வரி, அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு விடிய விடியத் தூங்கவில்லை. இரண்டாம் பாகத்தில் தழலி ஒன்பதாயிரம் பேரை வறண்ட ஆற்றுக்குள் நடத்திக் கூட்டிப் போனாள். மாமன் மகனுக்குப் பேசி முடிக்க வீட்டில் ஆள் வந்தபோது முனீஸ்வரி தாம்பாளத்தைத் தொடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கேட்டதற்கு, இது என் விரல் என்றாள். வந்தவர்களுக்குப் புரியவில்லை. அய்யாவுக்குப் புரிந்தது. அவள் சத்தமாகப் படித்ததை மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே கேட்டிருந்தவர் அவர்.

மூன்றாம் பாகம் தை மாதம் வந்தது. அதில் தழலிக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது. சாம்பல் கண்காரனா, கன்னத்தில் தழும்பு உள்ளவனா என்று இருநூறு பக்கம் யோசிக்கிறாள். நான்கு இடத்தில் மயங்கி விழுகிறாள், ஒவ்வொரு தடவையும் எவனாவது தாங்கிப் பிடிக்கிறான். கோட்டையின் சாவி கையில் இருக்கும்போது அதைக் கீழே வைத்துவிட்டு அழுகிறாள். ஒன்பதாயிரம் பேர் ஆற்றுக்குள் நிற்கிறார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று புத்தகத்தில் இல்லை. கடைசி அத்தியாயத்தில் தழலி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள், வாசலில் நிற்கும் ஐந்து ஆடுகள் அவள் கையை நக்குகின்றன, அவள் சபைப் பதிவேட்டில் பெருவிரலை வைக்கிறாள். முற்றும்.

வாசகிகள் இதை ஏற்றுக்கொண்டது ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. பந்தல்குடி அழகுத்தாய் கடைசி முப்பது பக்கத்தைக் கஞ்சிப் பசை போட்டு ஒட்டிவிட்டாள், இனி எவளும் படித்துவிடக் கூடாதென்று. பாளையம்பட்டியில் ஒருத்தி தன் கைக்குழந்தைக்குத் தழலி என்று வைத்த பெயரை மாற்ற வழி கேட்டு அலைந்தாள். முனீஸ்வரி புத்தகத்தை விட்டெறிந்தாள். அது கோழிக் கூடைக்குள் விழுந்தது. எடுத்துத் துடைக்கும்போதுதான் முதல் பக்கத்தில் அச்சாகியிருந்ததைப் பார்த்தாள்.

‘தழலியை வீடு சேர்க்கச் சொன்ன திருச்சுழி முனீஸ்வரிக்கு.’

அன்று சாயந்திரமே, அழகுத்தாய் நடத்திவந்த ‘தழலி தங்கச்சிமார்’ வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளைத் தூக்கிவிட்டார்கள். இருநூற்றுப் பதினாறு பெண்கள். தூக்குவதற்கு முன்னால் அழகுத்தாய் ஒரே ஒரு வரி போட்டிருந்தாள்: ‘நீயே காட்டிக் குடுத்துட்டியேடி.’ முனீஸ்வரி நான் எழுதலை என்று அடித்து முடிப்பதற்குள் அனுப்ப இடமில்லாமல் போனது. போன் போட்டால் அழகுத்தாய் எடுப்பதில்லை.

வாசகர் சொன்னது எழுத்தாளருக்குப் போகும் வழி மாமன்றத்தின் கருத்து அட்டை ஒன்றுதான். ஆக, அவளுக்கு வேண்டியது தன் பேரில் போன அந்த அட்டை. தன் கையெழுத்தில்லாத அந்த அட்டை.

இருளப்பசாமி கண்ணாடியைக் கழற்றினார். அட்டை வேறு, அட்டையில் உள்ள கருத்து வேறு என்று விளக்கினார். அட்டையைக் கொடுத்ததோடு வாசகரின் கடமை முடிந்தது. கருத்து மாமன்றத்தின் உடைமை. பார்வையிட விரும்புவோர் தனிப் படிவத்தில் மனுச் செய்ய வேண்டும், அந்தப் படிவம் தற்சமயம் இருப்பில் இல்லை, அச்சடிக்கப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும், பொதுக்குழு ஆவணியில். அதுவரை சகோதரி அமரலாம்.

முனீஸ்வரி அமரவில்லை. மூன்றாவது வரிசையில் நல்லமுத்து துண்டை மடியில் வைத்து நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

தலைவர் ஜெகதீஸ்வரன் மைக்கைத் தம் பக்கம் இழுத்தார். மாமன்றத்தில் பெண்களுக்கு உள்ள மரியாதை தெரியாமல் திருச்சுழிப் பிள்ளை முனீஸ்வரி பேசுகிறது என்றார்.

“போன சித்திரையில ரெண்டாம் பாகத்துக்குப் பெண்கள் கருத்து வேணும்னு பதிப்பகத்துல கேட்டாக. அறுபத்தோரு பேரு நம்ம உறுப்பினரு. எல்லாம் பரீட்சை, மில்லு வேலை, கைப்பிள்ளைன்னு கெடக்குதுக. அதுகளப் போயிச் சிரமப்படுத்தலாமா? பெண்கள் கருத்த நாங்க ரொம்ப மதிக்கிறவுக. அதனால நாங்களே எழுதிட்டோம்.”

கைதட்டினார்கள். கீழே ஒரு மூட்டை பிரிந்தது போலிருக்கிறது, பின்வரிசையில் இரண்டு தும்மல். இருளப்பசாமி குறித்துக்கொண்டார்.

சிறப்பு விருந்தினர், ‘தாகக்கோட்டை’ எழுதிய தங்கச்செல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விருதுநகரில் பிறந்து சென்னையில் இருப்பவர். இதுவரை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தவர், தலைவர் பேச்சில் முனீஸ்வரி என்ற பெயர் மட்டுமே காதில் விழுந்ததுபோல எழுந்தேவிட்டார். முனீஸ்வரி என்பது இவள்தானா என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பேசும்போது குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

தழலியைத் திருப்பி அனுப்பத் தமக்கு மனமே இல்லை என்றார். பள்ளிக்கூட நூலகங்களில் எடுக்க வேண்டுமென்றால் பெண் ஓயாமல் சுவர் ஏறிக் குதிக்கக் கூடாது என்று பதிப்பகத்தில் சொன்னார்களாம். இவர் முடியாது என்று ஒரு மாதம் சண்டை போட்டாராம். அந்த நேரத்தில் அறுபத்தோரு அட்டை வந்து சேர்ந்ததாம். “அத்தனையிலும் ஒரே கருத்து, முனீஸ்வரி. ஒரே வாக்கியம். கையெழுத்துகூட ஒரே மாதிரி. இந்த மண்ணுப் பெண்களுக்கு எழுத்தும் ஒண்ணு மனசும் ஒண்ணுன்னு நெகிழ்ந்து போயிட்டேன். உன் அட்டையில மட்டும் கடைசியா ரெண்டு வரி சேர்த்து எழுதியிருந்த. அதைப் படிச்சுட்டு அழுதேன். அப்பத்தான் முடிவை மாத்தினேன்.”

பிறகு அந்த ஐந்து ஆடுகள். அதைக் குறியீடாக முனீஸ்வரியே எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லி அவைக்கு முன்னால் நன்றி தெரிவித்தார். முன்வரிசையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் எழுந்து, ஐந்து ஆடுகளும் ஐம்புலன்கள்தானே என்று கேட்டார். அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஐம்பூதங்கள் என்றார். நாக்கால் நக்குவதால் சுவை முதலான புலன்களே பொருந்தும் என்று ஜவுளிக்கடைக்காரர் உறுதியாக நின்றார். பத்து நிமிடம் போனது.

முனீஸ்வரிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஐந்து என்ற எண் அவளுக்குள் போய் எங்கோ தட்டி நின்றது. சேரும்போது அவள் எழுதிக் கொடுத்தது நாலு. அவள் கடைசி வருடப் பரீட்சைக்கு ஹாஸ்டலில் இருந்தபோது, பங்குனியில், காதில் புள்ளி போட்ட குட்டி ஒன்று பிறந்து ஐந்தானது. மாமன்றத்துக்கு அது எப்படித் தெரியும்?

அட்டை ஃபைலில் இருக்கிறதா என்று அவள் மறுபடி கேட்டாள். ஃபைலில் இருப்பது நகல்தான் என்று சொல்லிவிட்டார் தங்கச்செல்வி, இருளப்பசாமி கண் காட்டியதைக் கவனிக்காமல். அசலைத் தம் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறாராம். கையோடு கொண்டுவந்திருந்ததைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். லேமினேஷன் போட்டிருந்தது.

மேல்பாதி இருளப்பசாமியின் குண்டு குண்டான ஆபீஸ் எழுத்து: ‘மேற்படி கதாநாயகி அடக்கமின்றிச் செயல்படுவதாகத் தெரியவருவதால், மூன்றாம் பாகத்தில் உரிய முறையில் திருந்தி இல்லம் திரும்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஆடுகளின் எண்ணிக்கை: ஐந்து. அதற்குக் கீழே வேறொரு எழுத்து. பெரிதாக ஆரம்பித்துக் கோட்டுக்குக் கீழே இறங்கி இறங்கிப் போகும் எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்று போன எழுத்து. அவளுடைய ரேங்க் கார்டு ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருந்த எழுத்து.

‘அந்த புள்ள வீட்டுக்கு வந்துரட்டும். எவ்வளவு படிச்சாலும் வீட்டுக்கு வரனும். இப்படிக்கு முனீஸ்வரி.’

அவள் நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். நல்லமுத்து துண்டை மடிப்பதை விட்டுவிட்டார்.

“நீங்களாய்யா?”

அவர் எழுந்து நின்றார். தலைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்றுதான் பேசுவார். “லோடு எறக்க வந்தேன் தாயி. ஒங் கார்டு மட்டும் பாக்கின்னு செயலாளரு சொன்னாக. சரின்னு… நீ அந்தப் புஸ்தகத்தப் பாத்துத்தான எல்லாம் செய்யிற. அந்தப் புள்ள என்ன செய்யிதோ அதத்தான் செய்வ. அது வீடு திரும்பிருச்சுன்னா, நீயும் ஓசூரு கம்பெனி வேலைன்னு நிக்க மாட்டன்னு நெனச்சேன். இங்கனயே குமாரலிங்கபுரத்துல மில்லு பார்க்கு வருதுங்காக. வரட்டும், வேலைக்குச் சேந்துக்கிறலாம்.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா நீ மாட்டேன்னுருவ.”

அவர் இதைச் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. இருநூறு கிலோ வத்தல் காய்ந்த கதையைச் சொல்லுவதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்கு வலித்தது. தனக்கு எதிரிகள் யாரும் இல்லை என்று தெரிந்துபோனது. இருந்தவர்களெல்லாம் அவள் நல்லதை நினைத்தவர்கள். அவர்கள்தான் ஒன்பதாயிரம் பேரை ஆற்றுக்குள் நிறுத்திவிட்டுத் தழலியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவள் மேடையைப் பார்த்துத் திரும்பி, இது நான் எழுதியது இல்லை என்று இந்த மைக்கில் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் என் பேரை எடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றாள்.

தங்கச்செல்வி ஓரடி பின்னால் போனார். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. ஆனால் அடுத்த பதிப்பு ஏற்கெனவே அச்சில் இருக்கிறதாம். நாலு மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இந்த முடிவோடுதான் பேசியிருக்கிறார்களாம். “யார் எழுதினாங்கங்கறது பெரிசில்ல முனீஸ்வரி. அந்த உணர்வு உண்மை. எனக்கும் அந்த நேரத்துல அப்படி ஒரு உணர்வு தேவைப்பட்டுச்சு,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

மைக்கில் சொல்ல வேண்டுமென்றால் அது புகார், புகாருக்கு நடைமுறை உண்டு என்றார் இருளப்பசாமி. நல்லவேளையாகப் புகார்ப் படிவம் இருப்பில் இருந்தது. நீட்டினார். முனீஸ்வரி நின்றபடியே நிரப்பினாள். என் கருத்தை என் தந்தை என் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டார் என்று எழுதினாள். ஆடுகளின் எண்ணிக்கை ஐந்து என்று எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்தாள். இருளப்பசாமி மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். புகார்தாரர் பெண் என்பதால் தந்தை கையொப்பம் வேண்டும்.

“புகாரே அவுக மேலதான்.”

“அது உள்ளடக்கம்மா. நான் படிவத்தப் பேசுறேன்.”

சபை இதை நியாயம் என்று தலையாட்டியது. தலைவர் இரக்கப்பட்டு நல்லமுத்துவை மேடைக்கே வரச் சொன்னார். நாலு மூட்டை வத்தல் போட வந்தாலும் மண்டி வாசலைத் தாண்டாத மனுசன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். அப்பனும் மகளும் ஒரு புஸ்தகத்துக்காக மனஸ்தாபப்படலாமா, எல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது என்று தலைவர் அவர் தோளில் கை வைத்துச் சொன்னார். யார் எப்போது பேசித் தீர்த்தார்கள் என்று சொல்லவில்லை. இருளப்பசாமி புகாரைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறொரு தாளைப் போட்டார். ‘மனநிறைவுச் சான்று. எனது குறை முழுமையாகக் களையப்பட்டது. உறுப்பினர் கையொப்பம்.’

முனீஸ்வரி அய்யாவைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்தால் போதும். இது எம் மக போடவேண்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் சொல்லிவிட்டார் என்றால் பாக்கியெல்லாம் எப்படியோ போகட்டும் என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

இருளப்பசாமி கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். நல்லமுத்து பேனாவை வாங்கி, குனிந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

முனீஸ்வரி.

அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது. பேனா கையிலேயே நின்றது.

அவள் அந்தப் பேனாவை அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக்கொண்டாள். தோள்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து, மனநிறைவுச் சான்றின் மேலேயே விரித்தாள். ஓசூர் கம்பெனி ஹாஸ்டல் படிவம். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அய்யாவை உட்காரவைத்து, ஒரு வடை வாங்கிக் கொடுத்து, பேசி, சம்மதிக்க வைத்து, கையெழுத்து வாங்குவதாக இருந்தாள். ஒரு வாரமாக அதற்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில், முதலில் ஒரு பெரிய ‘ந’ போட்டாள். அதன் பின்னால் மற்ற எழுத்துகளைச் சரிவில் இறங்கும் குட்டிகள் மாதிரி வரிசையாக இறக்கிவிட்டாள். நல்லமுத்து. அச்சு அசல்.

“இது சட்டப்படி செல்லாதே,” என்றார் இருளப்பசாமி, உண்மையாகவே அதிர்ந்து.

“செல்லும். இவ்வளவு நாளாச் செல்லுச்சுல்ல,” என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். “இதுல ஆடு எத்தனன்னு கேக்கல. நல்ல ஃபாரமு.”

லேமினேஷன் போட்ட அட்டையையும் எடுத்து உள்ளே வைத்தபோது, அது என்னுடையதல்லவா என்று தங்கச்செல்வி மெல்லக் கேட்டார்.

“எம் பேருதான் போட்டிருக்கு.”

நல்லமுத்து தாயி என்றார். மண்டி முதலாளி பக்கத்தில் இருந்ததால் அதையும் மெதுவாகத்தான் சொன்னார். அவள் அவர் கக்கத்திலிருந்து நழுவிக் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, நாலே முக்காலுக்குத் திருச்சுழி பஸ் இருக்கிறது, விட்டுவிட வேண்டாம் என்றாள். தான் வருவதாகச் சொல்லவில்லை.

படியில் இறங்கும்போது மண்டிக்குள் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நெடி ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினாள். மேலே ஒருத்தர் தும்மினார், பிறகு இன்னொருத்தர், பிறகு வரிசையாக. குறிப்பேட்டில் பேனா ஓடிக்கொண்டிருக்கும்.

முனீஸ்வரி திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.